அமெரிக்க கிராமத்து கவுன்ட்டில (நம்மூர் மாவட்டம் மாதிரி) 911 அவசர நம்பர் அடிச்சா உள்ள என்னதான் நடக்குது? அப்பா அம்மா வர்றாங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொங்கு_கான்சாஸ்:

வணக்கம்ங்க. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

வீட்டுக்காரம்மா டாக்டர். ஜே-1 விசா வெய்வர்ல (ஊருக்கு திரும்பாம இங்கயே இருக்க குடுக்கற விலக்கு), டாக்டர் பத்தாத ஊர்ல மூணு வருஷம் வேலை பாக்கோணும்னு கண்டிஷன், அதனால டல்லாஸ்ல இருந்து இந்த ஜனவரில மேற்கு கான்சாஸ் பக்கம் வந்துட்டோம். எனக்கு வீட்ல இருந்தே வேலை. கெடச்ச வீடு ஊருக்கு வெளிய கிராவல் ரோட்டு மேல, பக்கத்து வீடு முக்கா மைல் தள்ளி, சுத்தி கோதுமையும் கரன்ட் எடுக்கற காத்தாடியும்தான். ஆஸ்பத்திரி 22 மைல். மே மாசம் அப்பா அம்மா வர்றாங்க, ஆறு மாசம் இருப்பாங்க. அப்பாவுக்கு 71, ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கு. இவ டூட்டில இருக்கறப்ப நானும் வெளிய போயிருந்தா அம்மாதான் போன் பண்ணோணும், அம்மாவுக்கு இங்கிலீஷ் எஸ், நோ, தேங்க்யூ, அவ்வளவுதான்.

பயம் வந்ததுக்கு காரணம் போன வாரம் நடந்த ஒண்ணு. ஹைவேல வந்துட்டு இருந்தப்ப ரோட்டோரம் புல்லு பத்தி எரியுது, காத்து வேற பிச்சு எடுக்குது. 911 அடிச்சேன். எடுத்தவங்க மொத கேள்வியே எங்க இருக்கீங்கன்னுதான். அதான் போன்லயே காட்டுமே, நான் எதுக்கு சொல்லோணும்னு நெனச்சுட்டு 'ஹைவே மேல'ன்னேன். எந்த மைல் கல்லு, எந்த ரோட்டுக்கும் எந்த ரோட்டுக்கும் நடுவுலன்னு கேக்கறாங்க, நான் முழிக்கறேன். அப்பறம் பாத்தா அவங்க எங்க கவுன்ட்டியே இல்லியாமா, பக்கத்து கவுன்ட்டியாமா, லைன்ல இருங்கன்னு மாத்தி விட்டாங்க, அங்க மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. புல்லுக்கு பரவால்லைங்க, அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா இப்படி பேசிட்டு இருக்க முடியுமா?

ஊர்ல 108 அடிச்சா சென்னைல ஒரே எடத்துல எடுத்து வண்டிய அனுப்பிடுவாங்க. இங்க கவுன்ட்டிக்கு கவுன்ட்டி தனியா எதுக்கு, உள்ள எத்தன பேரு இருப்பாங்க, ஆம்புலன்ஸ் வர உண்மைல எவ்வளவு நேரம் ஆகும், நான் இப்பவே என்ன ஏற்பாடு பண்ணி வெக்கோணும்? இவள கேட்டா ஆஸ்பத்திரி வாசல்ல இருந்துதான் எனக்கு தெரியும், அதுக்கு முன்னாடி நடக்கறது தெரியாதுங்கறா.

ராத்திரி_டூட்டி:

தம்பி, உங்க கேள்விய பாத்ததும் பதில் போடாம போக மனசு வரல. நான் நெப்ராஸ்கால ஒரு கவுன்ட்டில டிஸ்பாட்சர், அதாவது 911 போன எடுத்து வண்டி அனுப்பற ஆளு, ஆறு வருஷமாச்சு. சிட்டிசன்ஷிப் வந்தப்புறம் சேந்தேன், போலீஸ் ரெக்கார்ட் சிஸ்டமெல்லாம் தொடணும்ல, பின்புலம் நல்லா தோண்டி பாத்துதான் எடுப்பாங்க. ஊர் பேரு கேக்காதீங்க.

மொதல்ல அந்த ரூம பத்தி. டிவில வர்ற மாதிரி அம்பது பேரு உக்காந்திருக்கற ஹால்னு நெனச்சுக்காதீங்க. கோர்ட் கட்டடத்துக்கு பின்னாடி ஷெரிஃப் (கவுன்ட்டி போலீஸ்) ஆபீஸ ஒட்டி ஜன்னலே இல்லாத ஒரு ரூம். 12 மணி நேர ஷிஃப்ட், ரெண்டு பேரு, ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்லன்னா ஒருத்தர். ஒரு மேசைல அஞ்சாறு ஸ்க்ரீன் இருக்கும், போனுக்கு ஒண்ணு, மேப்புக்கு ஒண்ணு, எந்த வண்டி எங்க நிக்குதுன்னு பதிவு பண்ற சாஃப்ட்வேருக்கு ஒண்ணு, ரேடியோவுக்கு ஒண்ணு. காலடில ஒரு பெடல் உண்டு, தையல் மிஷின் மாதிரி. அத மிதிச்சா ரேடியோல பேசலாம், காத விட்டு போன எடுக்காம, கைய கீபோர்ட விட்டு எடுக்காம. போன்ல உங்ககிட்ட கேள்வி கேட்டுக்கிட்டே நடுவுல ம்யூட் பண்ணிட்டு பெடல மிதிச்சு ஆம்புலன்ஸ்கிட்ட ரெண்டு வார்த்த சொல்லிட்டு திரும்ப உங்ககிட்ட வந்துருவோம். உங்களுக்கு ஒரு நொடி அமைதியா இருக்கும், அவ்வளவுதான்.

இத ஏன் சொல்றேன்னா நிறைய பேரு போன்ல கத்துறது இதுக்குதான், 'கேள்வி கேக்கறத நிறுத்திட்டு வண்டிய அனுப்பு'ன்னு. தம்பி, அட்ரஸும் என்ன பிரச்சனைன்னும் கெடச்ச நிமிஷமே வண்டிக்கு சொல்லிடுவோம். அதுக்கப்புறம் கேக்குற கேள்வி எதுவும் வண்டிய நிறுத்தி வெச்சுட்டு கேக்கறது இல்ல. ரோட்டுல வந்துட்டு இருக்கவங்களுக்குதான் அந்த பதிலெல்லாம் போய்ச் சேருது, மூச்சு இருக்கா, முழிச்சிருக்காரா, என்ன மாத்திரை சாப்புடறாருன்னு.

இப்ப உங்க புல்லு கேஸ். போன் இருக்கற எடத்த வெச்சே கால அனுப்பற முறை இப்ப வந்துட்டு இருக்கு, ஆனா எடம் உடனே கெடைக்கலன்னா பழையபடி உங்க போன் புடிச்ச டவரோட எந்தப் பக்கத்து ஆன்டெனாங்கறத வெச்சுதான் கால் போகும். அந்த ஆன்டெனா எந்த சென்டருக்குன்னு முன்னாடியே எழுதி வெச்சிருப்பாங்க. இந்தப் பக்கம் டவர் ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும், கவுன்ட்டி எல்லைய டவர் மதிக்காது. அதனால மாறிப் போறது தெனமும் நடக்கறதுதான், மாத்தி விட ஒரு பட்டன் போதும், ஆனா அந்த அரை நிமிஷம் உங்களுக்கு அர மணி நேரமா தெரியும். கவுன்ட்டி பேர மொதல்லயே சொல்லிட்டீங்கன்னா பாதி குழப்பம் தீந்துச்சு.

ஸ்க்ரீன்ல எடம் காட்டாதான்னு கேட்டா, காட்டும், ஆனா மொதல்ல வர்றது டவரோட எடம்தான் பல நேரம். அப்புறம் திரும்ப கேட்டா அட்சரேகை தீர்க்கரேகை வரும், பழைய முறைல 50 மீட்டர்ல இருந்து 300 மீட்டர் வரைக்கும் தள்ளி நிக்கும். புது போன்ல போனே கண்டுபிடிச்ச எடத்த நேரா அனுப்புது, ஐபோன்ல 2018ல ஐஓஎஸ் 12 வந்தப்ப ஆரம்பிச்சது, ஆண்ட்ராய்டுலயும் இருக்கு. அது ரொம்ப நல்லா இருக்கு, ஆனா புள்ளி வயக்காட்டு நடுவுல விழுந்தா, அந்த வீட்டுக்கு எந்த ரோட்ல நுழையறதுன்னு புள்ளி சொல்லாது. கிழக்குப் பக்க ரோட்ல போனா நடுவுல ஓடை, பாலம் இல்லன்னா நாலு மைல் சுத்தி வரணும். அதனாலதான் எங்க மொத கேள்வி எப்பவுமே 'உங்க எமர்ஜென்சி நடக்குற அட்ரஸ் என்ன'ங்கறது. லைன் கட்டாயிடுச்சுன்னாலும் அட்ரஸ் கையில இருந்தா வண்டி போகும். வேற எல்லாம் இருந்து அட்ரஸ் இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

உங்க வீட்டு நம்பர்லயே ஒரு விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? முன்னாடி கிராமத்துக்கெல்லாம் தபால்காரர் போற ரூட்டு நம்பரும் பெட்டி நம்பரும்தான் அட்ரஸ். 911 வந்தப்புறம் ரோட்டுக்கெல்லாம் பேரு வெச்சு, நெறைய கவுன்ட்டில ஒரு மைலுக்கு ஆயிரம் நம்பர்னு கணக்கு போட்டு வீட்டுக்கு நம்பர் குடுத்தாங்க. 4250ன்னா ரோடு ஆரம்பிக்கற எடத்துல இருந்து நாலேகால் மைல்ல உங்க வழி. ஒத்தப்படை ஒரு பக்கம், ரெட்டப்படை மறுபக்கம். உங்க கவுன்ட்டில இதே கணக்கான்னு கேட்டுப் பாருங்க, அப்படி இருந்தா டிரைவர் ஓடோமீட்டர பாத்தே வந்து நிப்பாரு.

கவுன்ட்டிக்கு கவுன்ட்டி தனியா எதுக்குன்னு கேட்டீங்க. இந்த ஊர்ல எல்லாமே அப்படித்தான், ஸ்கூல்ல இருந்து சுடுகாடு வரைக்கும். 911ங்கறதே டெல்லி மாதிரி ஒரு எடத்துல இருந்து உத்தரவு போட்டு வந்தது இல்ல. ஏடி&டி கம்பெனி 1968 ஜனவரில இந்த நம்பர அறிவிச்சாங்க, அவங்கள முந்திக்கணும்னு அலபாமால ஹேலிவில்ங்கற சின்ன ஊர்ல உள்ளூர் போன் கம்பெனி அவசர அவசரமா வேலைய முடிச்சு பிப்ரவரி 16லயே மொத கால போட்டுட்டாங்க. அப்படியே ஊரு ஊரா தானா பரவினது. இன்னிக்கு நாடு முழுக்க ஆறாயிரம் சென்டர் பக்கம் இருக்கும், உங்க கான்சாஸ்ல 105 கவுன்ட்டி, பெரும்பாலும் ஆளுக்கு ஒண்ணு. செலவுக்கு ஒரு பங்கு உங்க போன் பில்லுல 911 கட்டணம்னு ஒண்ணு வருதே அதுல இருந்து, மிச்சம் கவுன்ட்டி வரிப்பணம்.

தனித்தனியா இருக்கறதுல கெட்டது இருக்கு, ஆள் பத்தாது, சம்பளம் கம்மி, அரசாங்க கணக்குல நாங்க இன்னும் ஆபீஸ் கிளார்க் வகைலதான் இருக்கோம், போலீஸ் தீயணைப்பு வகைல இல்ல, அது எங்க தீராத வயித்தெரிச்சல். நல்லதும் இருக்கு, ஒரு தாத்தா 'பழைய ஸ்கூல் தாண்டி மாட்டுப்பட்டிக்கு எதுத்தாப்ல'ன்னு சொன்னா எனக்கு அந்த எடம் தெரியும்.

ராத்திரி ஷிஃப்ட்ல முக்காவாசி வர்றது ரோட்ல மாடு நிக்குது, வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சு, பக்கத்து வீட்ல சத்தம், டெபுடி (ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர்) நிறுத்துன வண்டி நம்பர செக் பண்றது, இதெல்லாம்தான். வசந்த காலத்துல வயல் கொளுத்தறவங்க முன்கூட்டியே போன் பண்ணி சொல்லுவாங்க, அத ஒரு லிஸ்ட்டா வெச்சிருப்போம், இல்லன்னா புகைய பாத்துட்டு வழிப்போக்கர் ஒவ்வொருத்தரும் கூப்பிடுவாங்க. உங்க புல்லு நெருப்பையும் மொதல்ல அந்த லிஸ்ட்லதான் தேடியிருப்பாங்க.

ஆனா மத்த கால்வாசி இருக்கே. அடையாளம் எல்லாம் மாத்தி ஒண்ணு சொல்றேன். குளிர்கால ராத்திரி, வயசான அம்மா, 'வீட்டுக்காரர் கட்டில் பக்கத்துல விழுந்துட்டார், தூங்குறாரு, குறட்ட விடறாரு'ன்னாங்க. எங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கறது ரெண்டே கேள்வி, முழிச்சிருக்காரா, மூச்சு சரியா விடறாரா. குறட்ட மாதிரி விட்டு விட்டு வர்ற சத்தம் மூச்சு இல்ல, இதயம் நின்ன பிறகு வர்றது. பழைய ஒயர் போன், அவர் கிட்ட வரைக்கும் ஒயர் எட்டல. ஸ்பீக்கர போட்டு தரைல வைங்கன்னேன். மாரு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அழுத்துங்க, ரெண்டு இஞ்சு உள்ள போகணும், என் கூட எண்ணுங்கன்னு ஒண்ணு ரெண்டு மூணு நாலு, நிமிஷத்துக்கு நூறுல இருந்து நூத்தி இருவது வேகத்துல. பக்கத்து சீட்ல இருந்தவ ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வாலன்டியருக்கும் டோன் போட்டுட்டா, அதாவது பேஜர்ல கூப்பிட்டுட்டா. நான் எண்ணிட்டே இருக்கேன், அந்தம்மா அழுத்தறப்பல்லாம் பலகை தரை கிறீச்சுன்னு கேக்குது, எண்ணறத அவங்க நிறுத்திட்டாங்க ஆனா கிறீச்சு நிக்கல. பதினாலு நிமிஷம். அப்புறம் நாய் குலைச்சுது, கதவு சத்தம், ஆம்பள குரல், யாரோ போன எடுத்து 'வந்துட்டோம்'னு சொல்லி வெச்சாங்க. அடுத்த லைன் அடிச்சுது, ரோட்ல மான் அடிபட்டு கெடக்குதாம், எடுத்தேன்.

அவர் பொழச்சாரான்னு கேக்காதீங்க, பாதி கேஸுக்கு முடிவு எங்களுக்கு தெரியறதே இல்ல.

டல்லாஸ்_மாப்ள:

அக்கா எழுதுனது படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நடைமுறைல நான் சொல்றத கேளு ப்ரோ. என் மச்சானுக்கு லேக் ஹவுஸ்ல வெச்சு கை வெட்டுப்பட்டு ஆம்புலன்ஸுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் காத்துட்டு கெடந்தோம், கார்ல போயிருந்தா இருபது நிமிஷத்துல ஆஸ்பத்திரி வாசல்ல இருந்திருப்போம். 22 மைல் உனக்கு, ரோட்ல ட்ராஃபிக்கே கெடையாது. அப்பாவ தூக்கி கார்ல போட்டு மிதி. 911 எல்லாம் சிட்டிக்குதான்.

டேங்கர்_நம்பர்_மூணு:

மாப்ள, கை வெட்டுக்கு நீங்க சொல்றது சரி. நெஞ்சு வலிக்கு தப்பு. ரொம்ப தப்பு.

நான் ராம்நாட்டுக்காரன், அயோவால காத்தாடி மெயின்டெனன்ஸ் கம்பெனில வேலை, எங்க ஊர் ஃபயர் டிபார்ட்மென்ட்ல நாலு வருஷமா வாலன்டியர். ஊர்ல அறநூறு பேரு. இந்த நாட்டு தீயணைப்பு ஆளுங்கள்ல மூணுல ரெண்டு பங்கு சம்பளம் வாங்காத ஆளுகதான், சிட்டில இருக்கவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

அக்கா டோன் போட்டான்னு எழுதினாங்கள்ல, அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன். கட்டில் பக்கத்துல பேஜர் சார்ஜர்ல இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு சுருதி, ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், நம்ம ஊர் சுருதி வந்தா மட்டும் பேஜர் தொறந்துக்கும், பின்னாடியே டிஸ்பாட்சர் குரல் அட்ரஸும் கேஸும் சொல்லும். ராத்திரி ரெண்டு மணி, வெளிய மைனஸ் பதினஞ்சு, பேன்ட்ட மாட்டி காரு கண்ணாடில பனிய சொரண்டி ஸ்டேஷனுக்கு போகவே ஆறு நிமிஷம். வண்டிய எடுக்க குறைஞ்சது ரெண்டு பேரு வரணும். பகல்ல இன்னும் மோசம், பாதி பேரு வேற ஊர்ல வேலைல இருப்பான், அறுப்பு காலத்துல கம்பைன் மேல இருப்பான். யாரும் பதில் சொல்லலன்னா சில நிமிஷத்துல ரெண்டாவது டோன், அப்பவும் இல்லன்னா பக்கத்து ஊருக்கு டோன். டிஸ்பாட்சர் ரூம்ல அந்த நிமிஷங்கள் எப்படி இருக்கும்னு அக்காதான் சொல்லணும்.

ஆம்புலன்ஸ் விஷயத்துல இன்னொண்ணு இருக்கு. கவுன்ட்டிக்கு ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். சின்ன ஆஸ்பத்திரில இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளிய மாத்த கூட்டிட்டு போயிருச்சுன்னா அது திரும்பி வர மூணு நாலு மணி நேரம், அதுவரைக்கும் பக்கத்து கவுன்ட்டிதான் பாத்துக்கணும். இத மறைக்க ஒண்ணும் இல்ல, இருபது நிமிஷமும் ஆகும் நாப்பதும் ஆகும்.

அப்ப ஏன் கார்ல போகக் கூடாதுங்கறேன்? அப்பாவ கார்ல போட்டு ஓட்டிட்டு போறீங்க, பத்தாவது மைல்ல அவர் இதயம் நிக்குது. நீங்க ஒருத்தர், கை ஸ்டீரிங்ல. அழுத்தி விட யாரும் இல்லன்னா பொழைக்கற வாய்ப்பு நிமிஷத்துக்கு 7ல இருந்து 10 சதவீதம் கொறையும். வீட்ல இருந்தா அம்மா அழுத்தலாம், டெபுடி கார்ல ஷாக் குடுக்கற மிஷின் இருக்க வாய்ப்பு உண்டு, அவன்தான் பல நேரம் மொதல்ல வருவான், ஏன்னா அவன் ஏற்கனவே ரோட்லதான் சுத்திட்டு இருக்கான். அத விட முக்கியம், ஆம்புலன்ஸ்லயே ஈசிஜி எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க, அத பாத்துட்டு ஹெலிகாப்டர அப்பவே கெளப்பலாம். உங்க பக்கத்து ஆஸ்பத்திரி 25 படுக்கைக்கு மேல இல்லாத வகையா இருந்தா அங்க ஸ்டென்ட் போட ஆள் இருக்காது, வாசல்ல போய் நின்னாலும் மறுபடி வேற எடத்துக்குதான் தூக்கணும்.

ஹெலிகாப்டர் எறங்க நூறு அடிக்கு நூறு அடி சமமான எடம் வேணும், மேல கரன்ட் கம்பி இருக்கக் கூடாது. உங்க வீட்டு முன்னாடி அப்படி ஒரு எடம் எங்கன்னு இப்பவே பாத்து வைங்க. நாங்க ஒரு தடவ வெளக்கு போட்டு எடம் புடிச்சு எல்லாம் தயார், வீட்டுக்காரங்க துணி காயப்போட்டிருந்த போர்வை ஒண்ணு பறந்து போச்சு, நல்லவேள எறங்கறதுக்கு முன்னாடியே.

நடுவழி ஒண்ணும் இருக்கு. சில நேரம் டிஸ்பாட்சரே சொல்லுவாங்க, ஆம்புலன்ஸ் இந்த ரோட்ல வருது, நீங்க கார்ல வந்து இந்த முக்குல சந்திங்கன்னு. அது அவங்க சொன்னா செய்யுங்க, நீங்களா முடிவு பண்ணி கெளம்பிட்டா நாங்க காலி வீட்டு கதவ தட்டிட்டு நிப்போம். நின்னிருக்கோம்.

அப்புறம் கொங்கு தம்பி, உங்க வழி ரோட்டோட சேர்ற எடத்துல நம்பர் பலகை இருக்கா? ரெண்டு பக்கமும் நம்பர், வெளிச்சம் பட்டா மின்னணும். தபால் பெட்டில ஒட்டின ஸ்டிக்கர் இல்ல, அது பனில மூடிக்கும், சில ஊர்ல பெட்டியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

கொங்கு_கான்சாஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டேங்கர் அண்ணா, பலகை இல்ல. பெட்டில ஸ்டிக்கர்தான், அதுலயும் நடு நம்பர் உரிஞ்சு போயிருக்கு. காலைல கவுன்ட்டி ஆபீஸுக்கு போன் பண்ணி கேட்டுட்டேன்.

அக்கா, நீங்க எழுதினத படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல, எந்திரிச்சு போன் செட்டிங்ஸ நோண்டினேன். எங்க வீட்ல செல் சிக்னல் ஒரு கோடுதான், அதனால வைஃபை காலிங் எப்பவும் ஆன். அதுக்குள்ள எமர்ஜென்சி அட்ரஸ்னு ஒண்ணு இருக்குங்க, அதுல இன்னமும் டல்லாஸ் அபார்ட்மென்ட் மூணாவது மாடி! அப்பறம் பாத்தா ஊருக்கு பேச வெச்சிருக்கற இன்டர்நெட் போன் பெட்டி, அதுக்கும் அதே டல்லாஸ் அட்ரஸ். நான் கான்சாஸ்ல இருந்து கத்திட்டு இருப்பேன், ஃபயர் எஞ்சின் டெக்சாஸ்ல என் பழைய கதவ ஒடச்சிட்டு இருந்திருக்கும்.

ரெண்டையும் மாத்திட்டேன். இப்ப அம்மா விஷயம். அம்மா தமிழ்ல பேசினா என்ன ஆகும்? வெச்சிடுவாங்களா?

ராத்திரி_டூட்டி:

வெக்க மாட்டோம் தம்பி. நீங்க அந்த அட்ரஸ மாத்தினது இந்த பேச்சுலயே பெரிய காரியம், நம்ம ஆளுங்க பாதி பேர் வீட்ல அந்த இன்டர்நெட் போன் பெட்டி இருக்கு, மூணு வீடு மாறி வந்தாலும் அட்ரஸ் மொத வீட்டுலயே இருக்கும்.

மொழிக்கு வர்றேன். சென்டர்கள்ல போன் மொழிபெயர்ப்பு சேவை வெச்சிருப்பாங்க, நாங்க ஒரு பட்டன அழுத்தி மூணாவது ஆளா மொழிபெயர்ப்பாளர லைன்ல இழுப்போம். தமிழ் கெடைக்கும். ஆனா ஸ்பானிஷ் மாதிரி உடனே கெடைக்காது, ஒரு நிமிஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம். அந்த நிமிஷத்துல அம்மா செய்ய வேண்டியது ரெண்டுதான். ஒண்ணு, 'தமில், தமில்'னு இங்கிலீஷ்காரன் காதுக்கு கேக்கற மாதிரி சொல்லணும், நம்ம ழ போட்டு அழகா சொன்னா அவங்களுக்கு புரியாது. எங்க சென்டர்லயே நான் சேர்றதுக்கு முன்னாடி அப்படி ஒரு மொழி இருக்குன்னு தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ரெண்டு, வீட்டு நம்பரும் ரோட்டு பேரும் இங்கிலீஷ்ல. நம்பர ஒவ்வொண்ணா, ஃபோர் டூ ஃபைவ் ஜீரோன்னு. ஃப்ரிட்ஜ் மேல தமிழ் எழுத்துல பெருசா எழுதி ஒட்டுங்க, 'ஹார்ட்', 'ஆம்புலன்ஸ்' அந்த ரெண்டு வார்த்தையும் கூடவே. அது போதும், மிச்சத்த நாங்க பாத்துக்குவோம். அப்பா மாத்திரை லிஸ்ட்டும் அங்கேயே இருக்கட்டும், வர்ற வாலன்டியர் மொதல்ல ஃப்ரிட்ஜத்தான் பாப்பாங்க. நெஞ்சு வலின்னா ஆஸ்பிரின் மாத்திரைய மென்னு சாப்பிடச் சொல்லுவாங்க, அலர்ஜி இருக்கான்னு கேப்பாங்க, அத உங்க வீட்டம்மாகிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. போன்லயே வழி சொல்ற பயிற்சி எல்லா சென்டர்லயும் ஒரே அளவு கெடையாது, உங்க சென்டர்ல கேட்டுருங்க.

அப்புறம் இந்தியாவுக்கு போன் போடறப்ப தப்பா 911 விழற கேஸ் எங்களுக்கு அடிக்கடி வரும், 91 அடிச்சு நம்பர தொடங்கறப்ப கை தவறி இன்னொரு 1. பயந்து கட் பண்ணிடாதீங்க. கட் பண்ணா நாங்க திரும்ப கூப்பிடணும், எடுக்கலன்னா டெபுடிய அனுப்பணும், அவன் முப்பது மைல் ஓட்டிட்டு வந்து உங்க கதவ தட்டுவான். தப்பா அடிச்சிட்டேன்னு ஒரு வரி சொன்னா போதும், திட்ட மாட்டோம். அதே மாதிரி சிம் எடுத்த பழைய போன குழந்தைக்கு வெளையாட குடுக்காதீங்க, சிம் இல்லாட்டியும் அதுல 911 போகும், திரும்பக் கூப்பிட நம்பரும் எங்களுக்கு வராது. ஒரு மத்தியானம் முழுக்க ஒரு குழந்த எனக்கு பாட்டு பாடிட்டே இருந்துச்சு.

இன்னொண்ணு, நீங்க டல்லாஸ் போயிருக்கறப்ப வீட்ல ஏதாச்சும்னா அங்கிருந்து 911 அடிச்சா டல்லாஸ்தான் எடுக்கும். உங்க கவுன்ட்டி சென்டருக்கு பத்து இலக்க நேர் நம்பர் இருக்கும், அத சேவ் பண்ணிக்கோங்க. சுத்தி காட்டப் போறப்ப மோட்டல்ல தங்கினா ரூம் போன்ல 9 போடாமலே 911 போகணும்னு இப்ப சட்டம் இருக்கு. 2013ல டெக்சாஸ்ல மார்ஷல்ங்கற ஊர்ல கேரி ஹன்ட்ங்கற பொண்ணு ஹோட்டல் ரூம்ல கொல்லப்பட்டப்ப, அவங்க ஒம்போது வயசு மக நாலு தடவ 911 அடிச்சும் வெளி லைனுக்கு 9 போடணும்னு தெரியாததால போகல. அதுக்கப்புறம் 2018ல வந்த சட்டம், அந்தம்மா பேர்லயே. ஆனா அது 2020க்கு அப்புறம் வந்த சிஸ்டத்துக்குதான் கட்டாயம், பழைய மோட்டல்ல கவுன்ட்டர்ல ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

டேங்கர் தம்பி, ரெண்டாவது டோன் போட்டுட்டு காத்திருக்கற நிமிஷம் எப்படி இருக்கும்னு கேட்டீங்க. ஸ்க்ரீன்ல நேரம் ஓடிட்டே இருக்கும், நாங்க அத பாக்காத மாதிரி இருப்போம்.

ஆஸ்டின்_அத்த:

யாரும் பில் பத்தி பேசல. விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்கறப்ப ஆம்புலன்ஸ், ஹெலிகாப்டர் ரெண்டும் இருக்கான்னு பாருப்பா, முன்னாடியே இருந்த இதய வியாதிக்கு பல பாலிசி கைய விரிச்சிடும், அந்த வரிய பூதக்கண்ணாடி வெச்சு படி. 2022ல அமலுக்கு வந்த எதிர்பாராத பில் சட்டம் ஹெலிகாப்டர சேத்துச்சு, தரைல ஓடற ஆம்புலன்ஸ விட்டுட்டாங்க, அதுவும் இங்கத்த இன்சூரன்ஸ் இருக்கறவங்களுக்குத்தான். ஆனா அதுக்காக கூப்பிடாம இருந்துடாத. பில்ல அப்புறம் பேசி கொறைக்கலாம்.

டல்லாஸ்_மாப்ள:

சரி சரி, டேங்கர் அண்ணே சொன்னத ஏத்துக்கறேன். கை வெட்டுக்கு மட்டும் என் கட்சி நிக்கும்.

கொங்கு_கான்சாஸ்:

அப்டேட் போடறேன்ங்க. நேர் நம்பருக்கு கூப்பிட்டு நான் இந்த மாதிரி புதுசா வந்திருக்கேன், சென்டர ஒரு தடவ பாக்கலாமான்னு கேட்டேன், வாங்கன்னுட்டாங்க. அக்கா சொன்ன அதே ரூம், ஜன்னல் இல்ல, ரெண்டு பேரு, மேசைக்கு அடில பெடல். ஒருத்தர் ஸ்வெட்டர் பின்னிட்டு இருந்தாங்க, போன் அடிச்சதும் ஊசி அப்படியே மடில நிக்குது, குரல் மாறிப் போச்சு. வெளில மழைக்கு கார் பள்ளத்துல எறங்கின கேஸ், அடி ஒண்ணும் இல்ல. முடிச்சுட்டு மறுபடி ஊசிய எடுத்துட்டாங்க. புல்லு நெருப்பு சொன்ன ஆளு நான்தான்னேன், சிரிச்சாங்க, அது யாரோ வயல் கொளுத்தறேன்னு சொல்லாம கொளுத்தினதாம்.

எங்க அட்ரஸ மேப்ல எடுத்து காட்டினாங்க. புள்ளி வீட்டு மேல இல்ல, பின்னாடி பழைய தானியக் கொட்டகை மேல இருந்துச்சு. அங்கேயே குறிச்சு வெச்சுட்டாங்க, திருத்தறதுக்கு. வீட்டுக் குறிப்புலயும் எழுதச் சொல்லிட்டேன், இதய நோயாளி, பேசற மொழி தமிழ்ன்னு. ஸ்பெல்லிங் கேட்டாங்க.

பச்ச பலகை வந்துருச்சு, ரெண்டு பக்கமும் நம்பர், நானே குழி தோண்டி நட்டேன், பாறையா இருந்துச்சு தரை. அம்மா ஊர்ல இருந்து வீடியோ கால்ல ஃபோர் டூ ஃபைவ் ஜீரோ ஒப்பிச்சுட்டு இருக்காங்க (நம்பர் மாத்தித்தான் போட்டிருக்கேன், வந்துடாதீங்க). அவங்க வந்ததும் ஒரு தடவ நெஜமா 911 அடிச்சு பழக்கிப் பாக்கலாமா அக்கா, இல்ல அது தப்பா?

ராத்திரி_டூட்டி:

நேரா அடிக்காதீங்க. அந்த நேர் நம்பருக்கு மொதல்ல கூப்பிட்டு, இப்ப ஒரு டெஸ்ட் கால் போடலாமான்னு கேளுங்க. சும்மா இருந்தா சரின்னுவாங்க, வேலையா இருந்தா அப்புறம்னுவாங்க. ஞாயித்துக்கிழம காலைல கேட்டுப் பாருங்க. மே மாசம் சாயங்காலம் வானம் கறுத்துட்டு வர்றப்ப மட்டும் வேணாம், உங்க பக்கம் டொர்னாடோ காலம், சைரன் போடற வேலையும் பல கவுன்ட்டில அந்த ரெண்டு பேரோடதுதான்.

ஆங், சைரன் டெஸ்ட் உங்க ஊர்ல எந்தக் கிழமை எத்தன மணிக்குன்னு அங்கேயே கேட்டு அதையும் ஃப்ரிட்ஜ்ல எழுதிடுங்க. எங்க அம்மா வந்த மொத வாரம் சைரன கேட்டுட்டு பாத்திரத்தோட பேஸ்மென்ட்ல போய் உக்காந்துட்டாங்க, நான் டூட்டி முடிஞ்சு வந்து கூட்டிட்டு வர்ற வரைக்கும்.